மூன்று விரல் சிவதாணு

பூவங்குளத்துச் சிவதாணுவுக்கு உலகத்தில் எவனுடைய விரலும் பிடிக்காது. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் உண்டு, நடையைப் பார்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. சிவதாணு விரலைப் பார்ப்பார். நாவிதன் கத்தி பிடிக்கிற விரல், சாயாக்கடைப் பொன்னுலிங்கம் தம்ளரைத் தூக்குகிற விரல், வாத்தியார் சாக்பீஸ் பிடிக்கிற விரல், பந்தியில் பக்கத்து இலைக்காரன் ரசஞ்சோற்றைப் பிசைகிற விரல் என்று எல்லாமே அவருக்குப் பிழை. அதை மனசோடு வைத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. அவருக்கு மனசுக்கும் நாக்குக்கும் நடுவில் கதவே கிடையாது.

இந்த நாக்கு ஒரு கல்யாணத்தையே தின்றது. மகள் ஆவுடையைப் பெண் பார்க்கத் தக்கலைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். நல்ல இடம், பையனுக்குத் தபாலாபீசில் வேலை. தட்டத்தில் மட்டி என்கிற சின்ன வாழைப்பழத்தை வைத்தார்கள். பையனின் அப்பா ஒரு பழத்தை எடுத்து ஐந்து விரலாலும் பற்றி, நடுவில் ஒரு அமுக்கு அமுக்கி, பிதுங்கியதை வாயில் போட்டுக்கொண்டார். வெயிலில் நடந்து வந்த மனிதர், பசியாக இருந்திருக்கும். சிவதாணுவுக்குப் பொறுக்கவில்லை.

"மட்டிப்பழத்துக்கு ரெண்டு வெரலு போதும் பாத்தியளா. கொரங்குகூட காம்பப் பிடிச்சுத்தான் உரிக்கும்" என்றார், பாடம் சொல்லிக்கொடுக்கிற தோரணையில், சிரித்துக்கொண்டே.

வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். மனைவி பகவதியம்மாள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று அவர் மூன்று முறை கேட்டார். அதன்பிறகு ஆவுடைக்கு வந்த இடங்கள் எல்லாம் வாசலுக்கு வருமுன்னே திரும்பின. சிவதாணு வீட்டில் சம்பந்தம் வைத்தால் சாகும்வரை விரலை மடக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்று ஒரு பேச்சு வட்டாரம் பூராவும் நடந்தது. ஊரார் சொல்வதெல்லாம் பொய்யென்று தள்ள முடியாது, சில சமயம் அவர்களும் உண்மை பேசுவார்கள்.

சரி, இந்த மனிதருக்கு விரல் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது? வாலிபத்தில் இரண்டு வருஷம் குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போயிருந்தார். அங்கே மலைவாசிகளான காணிக்காரர்கள் வில் பிடிப்பதைப் பார்த்தார். யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, இவரும் போய்க் கேட்கவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்ததுதான். அம்புக்கு மேலே ஆள்காட்டி விரல், கீழே நடுவிரலும் மோதிர விரலும். நாண் முதல் மூட்டின் மடிப்பில் கிடக்க வேண்டும். கட்டைவிரலுக்கு அங்கே வேலையில்லை, அது உள்ளங்கையில் படுத்துக்கொள்ளும். இழுத்த கை மோவாய்க்கு அடியில் வந்து தங்க வேண்டும். விடும்போது விரலை விரிக்கக் கூடாது, நாண்தான் விரலைவிட்டு நழுவிப் போக வேண்டும். ஊருக்குத் திரும்பியதும் மூங்கிலில் ஒரு வில் செய்து, காவல் பார்க்கிற தென்னந்தோப்பில் இருபது வருஷம் இதையே செய்தார். முப்பது அடியில் தொங்குகிற காய்ந்த பாளை அவர் அம்புக்குத் தப்பாது. இதைமட்டும் அவருடைய எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள், எதிரிகள் என்றால் ஏறத்தாழ ஊர் முழுவதும்.

ஆனால் அம்மன் கோயிலில் வில் பிடிக்கிற முறை அவருக்கு இல்லை. அது ஊரில் வில்லு வீடு என்று பேர்பெற்ற தாணுலிங்கத்தின் குடும்பத்துக்குப் பரம்பரையாக உரியது.

விஜயதசமி அன்று சாயங்காலம் அம்மன் குதிரை வாகனத்தில் ஏறி, ஊர் எல்லையிலுள்ள வேட்டைக்களத்துக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருளுவாள். அங்கே ஒரு கம்பத்தில், எங்கள் பக்கத்தில் கருக்கு என்று சொல்லும் இளநீர் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதுதான் பாணாசுரன். அம்மனுக்காக ஒரு ஆள் இருபத்தொரு அடி தள்ளி நின்று அம்பு விடவேண்டும், அசுரன் சாகவேண்டும். அசுரன் சாகாவிட்டால் அந்த வருஷம் ஊர் உருப்படாது என்று நம்பிக்கை. எனவே முன்னோர்கள் நம்பிக்கையோடு ஒரு ஓலைத்தட்டியையும் கட்டிவைத்தார்கள். கருக்குக்குப் பின்னால் தென்னோலைத் தட்டி ஒன்று மறைப்பாக நிற்கும். அதற்குப் பின்னால் இன்னொரு ஆள் இரண்டாவது அம்போடு நிற்பான். முதல் அம்பு எங்கே போனாலும் சரி, மேளம் உச்சத்துக்குப் போகிற கணத்தில் அவன் தட்டியின் ஓரமாகக் கையை வளைத்து இரண்டாவது அம்பைக் கருக்கில் ஏற்றிவிடுவான். ஊருக்கே தெரியும். ஊரே அந்த ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்ளும்.

அந்தத் தட்டி முறை சிவதாணுவின் குடும்பத்துக்கு. அப்பாவுக்குப் பிறகு இவர். இருபத்திரண்டு வருஷம் இவர் கை வெளியே தெரிந்ததில்லை. முன்பக்கத்திலிருந்து பாய்ந்துவந்ததுபோலவே அம்பு சாய்ந்து நிற்கும், இறகுப் பக்கம் கொஞ்சம் துடித்துக்கொண்டுகூட இருக்கும். அதை யாரும் வெளிப்படையாகப் புகழ முடியாது. நடக்காத காரியத்தைப் புகழ்வது எப்படி?

தாணுலிங்கமோ நாற்பது பவுன் எடைக்குத் தோரணை உள்ள மனிதர். கரை வேட்டி, பட்டு நேரியல், நெற்றி நிறையச் சந்தனம். வில்லை வாங்கும்போது சேனாபதி மாதிரி இருப்பார். அம்பைத் தொடுத்தாரானால் போச்சு. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அம்பின் வால்நுனியான குதையைக் கிள்ளிப் பிடித்து இழுப்பார், மூக்குப்பொடி எடுப்பதுபோல. கோயில் வில் கனத்த வில். அந்தக் கிள்ளுக்கு அது ஒரு சாண்கூட வளையாது. அம்பு பத்தடி போய், களைத்துப்போன தபால்காரன் மாதிரி தரையில் உட்கார்ந்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு காரணம் வைத்திருப்பார். "நாணுல சந்தனம் பட்டு வழுக்கிட்டு." "ஆரல்வாய்மொழிக் காத்துல்லா, என்ன செய்ய?" "கோயில் போற்றி மந்திரத்த வெரசா முடிச்சிட்டாரு."

சாயாக்கடையில் சிவதாணு இதற்காகவே காத்திருப்பார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று தொடங்குவார். பிறகு கடையிலிருக்கிற ஒருவனுடைய பொடிமட்டையை வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்துக்காட்டி, "இன்னா பாருங்க, பாணாசுர வதம்" என்பார். கடை சிரிக்கும். தாணுலிங்கத்துக்குப் பொடிவில்லாளி என்று பெயர் விழுந்தது. அவருடைய பேரப்பிள்ளைகள்வரை அந்தப் பெயர் போனது.

கொல்லம் ஆண்டு 1127-இல், அதாவது 1951-இல், நடந்த பரிவேட்டைக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தாணுலிங்கத்தின் அம்பு ஏழாவது அடியில் விழுந்தது. இருபத்தொன்றாவது அடியில் கருக்கில் ஒரு அம்பு தைத்து நின்றது. அதிகாரிக்குக் கண்ணை மூடவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த ஆவணியில் ஊர்க்கூட்டம் கூடியது. ஊர்த்தலைவரான முதலடி நாராயணபெருமாள், எதையும் தீர்க்காமலே முடித்துவைக்கிற சாமர்த்தியசாலி. "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். சிவதாணு எழுந்தார்.

"கெட்ட வெரல வச்சுக்கிட்டு நல்ல அம்ப விடச் சொன்னா அது எங்க போகும்? மூணு வெரலு, முதல் மூட்டு, மோவாய்க்கு அடியில கை. இம்புட்டுதான் சங்கதி. இத ஒரு பரம்பரைக்கே தெரியாம வில்லு வீடுன்னு பேரு வேற!"

தாணுலிங்கத்துக்கு முகம் கறுத்தது. "லே சிவதாணு, வாயால வடை சுடாத. இந்த வருசம் நீ விடு. தட்டிக்குப் பின்னால நான் நிக்கேன்."

"தட்டியே வேண்டாம்ங்கேன்."

"தட்டி முறையில உள்ளதுவே. அது நிக்கட்டும்" என்றார் முதலடி.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். சிவதாணு உட்காரவில்லை. கூட்டம் முழுவதும் தன் வாயையே பார்க்கிறது என்ற போதை தலைக்கு ஏறியிருந்தது. "என் அம்பு தைக்கல்லன்னா, இனி எவன் வெரலப் பத்தியும் நான் வாயத் தெறக்க மாட்டேன். அம்மன் சத்தியம்" என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. அசுரன் சாவதைவிட இது பெரிய காரியம் என்று பலருக்கும் உடனே பட்டது. ஓரத்தில் பெண்களோடு நின்ற பகவதியம்மாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள், "ஒனக்குப் பயமில்லையாட்டி?" என்று கேட்டதற்கு அவள் கோயில் இருந்த பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டாள்.

ஒரு மாசம் சிவதாணு தோப்பே கதியாகக் கிடந்தார். நூறு அம்பு விட்டால் தொண்ணூற்றெட்டு தைத்தது. மீதி இரண்டுக்கும் அணில்மேல் பழி போட்டார்.

விஜயதசமி வந்தது. சுற்றியுள்ள ஏழு ஊரிலிருந்து ஆள் வந்திருந்தது. அவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு காலத்தில் சிவதாணுவிடம் விரலுக்காக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். குதிரை வாகனம் களத்தில் வந்து நின்றது. தாணுலிங்கம் நேரியலை இடுப்பில் சுற்றிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனார். அங்கே அவருடைய தொந்தி இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது. சிவதாணு அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

கோயில் பூசாரியான போற்றி, வில் பிடிக்கிறவனுக்கு உள்ள முறைப்படி, சிவதாணுவின் கையில் காப்புக் கட்டினார். பிறகு வலது மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரத்தைப் போட்டுச் சங்கல்பம் சொன்னார். அன்றைக்குப் போற்றி தர்ப்பையில் கஞ்சத்தனம் காட்டவில்லை. மோதிரம் தடியாக இருந்தது, முடிச்சுக்கு அப்பால் வால் விரல் நுனிவரைக்கும் நீண்டுகொண்டிருந்தது. சிவதாணு அதைக் கவனிக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை கன்னியாகுமரிக் கடற்கரையில் போட்டுப் பழகிய சங்கதிதானே அது. தர்ப்பணத்தில் எள்ளும் தண்ணீரும்தான் விடுவார்கள், யாரும் அம்பு விடுவதில்லை. அது அவருக்குத் தோன்றவில்லை.

வில் கைக்கு வந்தது. இருபத்தொரு அடியில் கருக்கு. எத்தனை தடவை அதன் பின்பக்கத்தைப் பார்த்திருப்பார்! முன்பக்கத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் தெரியும்படி விரலை ஒவ்வொன்றாக நாணில் வைத்தார். மேலே ஒன்று, கீழே இரண்டு. சங்கு முழங்கியது. கோயில் வில் முனகிக்கொண்டு வளைந்தது. தாணுலிங்கத்தின் பரம்பரையில் எவனும் அதை அத்தனை தூரம் வளைத்ததில்லை. களம் மூச்சை அடக்கியது. கை மோவாய்க்கு அடியில் வந்து தங்கியது.

அப்போதுதான் மோதிர விரலில் ஏதோ உறுத்தியது.

கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். பவித்திரத்தின் வால் நாணுக்கும் விரலுக்கும் நடுவில் மாட்டி, நாணைச் சுற்றிக்கொண்டு நின்றது. விட்டால் இரண்டு விரலை விட்டு நாண் போகும், மூன்றாவது விரலிலிருந்து போகாது. அந்த நொடியில், வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, சிவதாணுவுக்கு ஞானம் பிறந்தது. கையில் பவித்திரம் போட்டவன் மூன்று விரலால் அம்பு விட முடியாது. பக்கத்து நடுவிரலும் அந்த வாலுக்குத் தப்பாது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம், அதனால்தான் கிள்ளுப்பிடி. தாணுலிங்கத்தின் முப்பாட்டன் எவனோ ஒருவன் இதேபோல நின்று, இதேபோல வியர்த்து, பொடிப்பிடிக்கு மாறியிருக்கிறான். பேரனுக்குக் காரணம் தெரியாது. அவன் சந்தனத்தின்மேலும் காற்றின்மேலும் பழி போட்டுக்கொண்டு திரிகிறான்.

பிறந்த ஞானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அம்மனுக்காக வளைத்த வில்லை அம்பு விடாமல் இறக்கக்கூடாது, அது முறை. முழங்கை நடுங்கியது. மேளக்காரன் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கோலை ஓங்கியபடி நின்றான். சிவதாணு விட்டார்.

நாண் மோதிர விரலில் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு போய் இடது முன்கையில் சப்பென்று அறைந்தது. அம்பு பக்கவாட்டில் திரும்பி, காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, பெண்கள் நின்ற பக்கமாகப் போய் விழுந்தது. விழுந்த இடம் பகவதியம்மாளின் காலடி. தாணுலிங்கத்தின் அம்பாவது நேராகப் போய் விழும்.

களம் முழுக்க ஒரே அமைதி. தட்டிக்குப் பின்னால் தாணுலிங்கத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. மேளம் உச்சத்துக்கு வரக் காத்திருந்தார், மேளம் வரவில்லை. பதறிப்போனார். கையை வளைக்கிற வித்தை அவருக்கு எங்கே தெரியும்? பின்பக்கத்திலிருந்தே ஓங்கி ஒரு குத்து. அம்பின் முனை கருக்கைத் துளைத்துக்கொண்டு முன்பக்கமாக வெளியே வந்து, கூட்டத்தைக் குறிபார்த்து நின்றது. இளநீர் போற்றியின் முகத்தில் பீய்ச்சி அடித்தது. அசுரனை அம்மன் முன்னாலிருந்து எய்ய, அம்பு முதுகுவழியாக நுழைந்திருந்தது. போற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாணாசுரன் பட்டான்!" என்று கூவினார். ஊர் கண்ணை மூடிக்கொண்டது. பெண்களின் குரவைச் சத்தம் வானத்தைப் பிளந்தது. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அம்பு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

மூன்று நாள் சிவதாணு வெளியே வரவில்லை. நாலாம் நாள் சாயாக்கடைக்குப் போனார். முன்கையில் நாண் அறைந்த தடம் நீலமாகக் கிடந்தது. உள்ளே தாணுலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

"இல்ல அண்ணாச்சி, அந்தப் பவித்திரம் இருக்குல்லா…" என்று தொடங்கினார் சிவதாணு.

தாணுலிங்கம் சாயாவை ஊதிக் குடித்தார். கடைக்காரப் பொன்னுலிங்கம் தம்ளரைத் தூக்கி ஆற்றியபடியே, யாரையும் பார்க்காமல், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான். கடை சிரித்த சிரிப்பில் கூரையோலை ஆடியது.

சிவதாணுவுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. வாயைத் திறந்தார். விரலைப் பற்றிப் பேசமாட்டேன் என்று அம்மன்மேல் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. பவித்திரத்தைப் பற்றிப் பேசினாலும் அது விரலில்தானே இருக்கிறது! சாயாவைக் குடிக்காமலே எழுந்து வந்தார்.

வாழ்க்கையில் அவர் கண்டுபிடித்த ஒரே உண்மை அது. கேட்க ஒரு நாய் இல்லை.

அடுத்த வருஷம் முறை பழையபடியே ஆனது. தாணுலிங்கம் கிள்ளினார், அம்பு பத்தாவது அடியில் உட்கார்ந்தது. சிவதாணு தட்டிக்குப் பின்னாலிருந்து கையை வளைத்தார், அசுரன் முறைப்படி முன்பக்கமாகச் செத்தான். வேட்டை முடிந்ததும் தாணுலிங்கம் வந்து, "பாத்தியாலே, இந்தத் தடவ எப்பிடித் தச்சிருக்கு!" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தன் அம்புதான் தைத்தது என்று அவர் பாதி நம்பவே தொடங்கியிருந்தார். சிவதாணு பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா விட்டீரு அண்ணாச்சி" என்றார். அந்த வார்த்தை தொண்டையிலிருந்து வெளியே வருவதற்குள் அவருக்கு இரண்டு வயது கூடிவிட்டது.

ஊரில் நாவிதன் நிம்மதியாகச் சவரம் செய்தான். பந்தியில் ஆட்கள் இஷ்டம்போலப் பிசைந்து சாப்பிட்டார்கள். அடுத்த தை மாசம் ஆரல்வாய்மொழியிலிருந்து ஆவுடையைப் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா மட்டிப்பழத்தைத் தோலோடு கடித்து, தோலைத் துப்பினார். சிவதாணு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகவதியம்மாள் கதவிடுக்கில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறக்கவில்லை. பங்குனியில் கல்யாணம் நடந்தது.

1956-ஆம் வருஷம் ஐப்பசி மாசம் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்ததை ஊர் கொண்டாடியது. முதலடி கற்கண்டு கொடுத்தார். ஆவுடையும் பிள்ளையோடு வந்திருந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் புருஷனோடு வண்டியேறினாள். வீடு வெறிச்சென்று ஆனது. மத்தியானம் பகவதியம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து சுளவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சிவதாணு தூணில் சாய்ந்திருந்தார். நாலு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது அன்றைக்கு ஏனோ பொங்கிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியிடம் சொன்னால் சத்தியம் தப்பியதாகாது என்று ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஒண்ணு சொன்னா நம்புவியா?"

"பவித்திரத்து வாலு நாணுல மாட்டின சங்கதிதானே?" என்றாள் அவள், சுளவிலிருந்து கண்ணெடுக்காமல்.

சிவதாணு தூணைவிட்டு நிமிர்ந்தார். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அம்பு என் காலடியிலல்லா வந்து விழுந்திச்சு. குதையில தர்ப்ப வாலு அறுந்து சிக்கிக் கெடந்திச்சு. அதுல ஒங்க வெரலு ரத்தமும் இருந்திச்சு."

"அத… அத என்னட்டி செய்த?"

"மடியில முடிஞ்சு கொண்டாந்து அடுப்புல போட்டேன்."

ஊரின் நடுவில் அந்த ஒரு துண்டுத் தர்ப்பையைத் தூக்கிக் காட்டியிருந்தால்! தாணுலிங்கத்தின் முகத்துக்கு நேரே, பொன்னுலிங்கத்தின் முகத்துக்கு நேரே! நாலு வருஷம் பொடிவில்லாளியைப் பார்த்து நல்லா விட்டீரு என்று சொன்ன நாக்கு. "பாவி, நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் சத்தியம் செல்லாதுன்னு ஆயிருக்குமே! என் வாய நான் தெறந்திருப்பேனே!"

"அதான்" என்றாள் பகவதியம்மாள். ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "நான் சொல்லியிருந்தா ஆவுடை இன்னிக்கும் இந்த முத்தத்துலதான் கெடப்பா."

சிவதாணு ஏதோ சொல்ல வந்தார். சுளவைப் பிடித்திருந்த அவள் விரல்கள் கண்ணில் பட்டன. வாயை மூடிக்கொண்டார்.